கிராபிக்ஸ் கார்டு மாற்றியும் ஏறாத எஃப்பிஎஸ், ராம் ஸ்லாட் மாற்றியதும் ஏறியது

பப்ஜி கணினிப் பதிப்பில் எரங்கல் வரைபடத்தின் நடுவில் இருக்கும் பொச்சின்கியில் கூட்டமாக இறங்கினால் என் எஃப்பிஎஸ் (திரையில் விநாடிக்கு எத்தனை பிரேம், அதாவது படம், வருகிறது என்ற எண்) 50க்குக் கீழே போய்விடும். ஆளே இல்லாத வயல்வெளியில் 110, 120 என்று ஓடுகிற அதே கணினிதான். இப்போது அதே பொச்சின்கியில் 80களுக்குக் கீழே போவதில்லை. புதிதாக எந்தப் பாகமும் வாங்கவில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட் (சிபியுவின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை), ஒரு பாட்டில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அவ்வளவுதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் சுற்றிய சுற்று கொஞ்சம் பெரியது, இதே மாதிரி கணினி வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் கணினி. சிபியு ரைசன் 5 3600, 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை), கூடவே வந்த சிறிய ஸ்டாக் கூலர். கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், 6 ஜிபி. ராம் 8 ஜிபி குச்சி இரண்டு, டிடிஆர்4, ஆனால் ஒன்றாக வாங்கியவை இல்லை. முதலில் ஒன்று, பல மாதம் கழித்து வேறு தயாரிப்பில் இன்னொன்று. கேம் எஸ்எஸ்டியில் இருக்கிறது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 1080பி.

நெட்தான் காரணமோ என்ற சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வரும், எனக்கும் வந்தது. இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். நெட் தடுமாறினால் ஆட்கள் ஓடிய இடத்துக்கே திரும்ப இழுக்கப்படுவார்கள், சுட்ட குண்டு தாமதமாகப் பதிவாகும், ஆனால் மவுஸைச் சுற்றினால் காட்சி வழவழவென்று சுற்றும். எனக்கு நேர்மாறாக இருந்தது. பிங் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் நேரம்) அசையாமல் நிற்கிறது, மவுஸைச் சுற்றினால்தான் காட்சி வெட்டி வெட்டி வருகிறது. ஆக பிரச்சினை கணினிக்குள்ளேதான்.

அடுத்து எல்லோரும் செய்வது செட்டிங் எல்லாவற்றையும் ‘மிகக் குறைவு’க்கு இறக்குவது. இறக்கினேன். வயல்வெளியில் எஃப்பிஎஸ் ஏறியது, பொச்சின்கியில் ஏறவே இல்லை. ஸ்க்ரீன் ஸ்கேலை (நீளம், அகலம் இரண்டிலும் படத்தை எத்தனை சதவீதம் வரைவது என்பதை) 100இலிருந்து 70க்குக் கொண்டுவந்தேன், படம் கஞ்சித் தண்ணி மாதிரி ஆனது, எஃப்பிஎஸ் அதே 48. இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும்: கார்டு வரைய வேண்டிய புள்ளிகளைப் பாதியாகக் குறைத்தும் எண் அசையவில்லை என்றால் கார்டின் மேல் குற்றம் இல்லை. ஆனால் கார்டு பழசு என்ற எண்ணம் மனதில் ஊறிப்போயிருந்தது. அதனால் நண்பரிடம் இருந்து ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டை இரவல் வாங்கி, டிடியு என்ற மென்பொருளை வைத்துப் பழைய டிரைவரைத் துடைத்து, புதிதாகப் போட்டு, பொறுமையாக மாட்டினேன். காலி இடங்களில் வேறு கணினி போலப் பறந்தது. பொச்சின்கியில் 47. கார்டு பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டியது, அதாவது அந்தக் கார்டு வேலை வரும் வரை சும்மா உட்கார்ந்திருந்தது. இரவல் கிடைத்ததால் தப்பித்தேன், வாங்கிப் பார்த்திருந்தால் வயிறு எரிந்திருக்கும். கார்டு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், முடிந்தால் ஒரு மாலைப்பொழுதுக்காவது யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

இதற்குப் பிறகுதான் ஒழுங்காக அளக்க ஆரம்பித்தேன். மல்ட்டிபிளேயர் கேமில் அளப்பதில் ஒரு தொல்லை, ஒரு ஆட்டம் போல இன்னொரு ஆட்டம் இருக்காது. ஒருமுறை முப்பது பேர் இறங்குவார்கள், அடுத்த முறை நாலு பேர். பயிற்சிக் களத்தில் அளந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அங்கே கூட்டமே வேறு மாதிரி. நல்லவேளையாக பப்ஜியில் ரீப்ளே (முடிந்த ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதி) இருக்கிறது. கூட்டமான ஒரு ஆட்டத்தின் ரீப்ளேயை எடுத்துக்கொண்டு, இறங்கும் நேரத்திலிருந்து 90 விநாடியை மட்டும், அதே ஆளின் பார்வையில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டினேன். நேரடி ஆட்டமும் ரீப்ளேயும் அச்சு அசல் ஒன்றல்ல என்றாலும் காட்சி ஒன்றே என்பதால் ஒப்பிட முடிகிறது. கேம் அப்டேட் வந்தால் பழைய ரீப்ளே கைகொடுக்காமல் போகலாம், ஆகவே எல்லா அளவையும் இரண்டு அப்டேட்டுகளுக்கு நடுவே முடித்துக்கொள்வது நல்லது.

எஃப்பிஎஸ்ஸைப் பதிவு செய்ய கேப்ஃபிரேம்எக்ஸ். விளையாடும்போது பார்த்துக்கொள்ள ஆஃப்டர்பர்னரோடு வரும் ரிவாட்யூனர். வெப்பம், கிளாக் வேகத்துக்கு (சிபியு ஓடும் வேகம்) எச்டபிள்யூஇன்ஃபோ. மூன்றும் இலவசம்.

கேப்ஃபிரேம்எக்ஸ் காட்டும் எண்களில் சராசரியை நான் இப்போதெல்லாம் பார்ப்பதே இல்லை. பார்க்க வேண்டியது ‘1% லோ’ என்ற எண், அதாவது இருப்பதிலேயே மோசமான 1 சதவீத பிரேம்கள் எந்த வேகத்தில் வந்தன என்பது. சராசரி 92 என்றால் ஒரு பிரேமுக்குச் சுமார் 11 மில்லிவிநாடி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் 1% லோ 47. அதாவது நடுநடுவே ஒரு பிரேம் 21 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது, எதிரி ஜன்னலில் தலையை நீட்டும் நேரம் பார்த்துத்தான் அது வரும். கண்ணுக்கு வெட்டு என்று தெரிவது அதுதான்.

டாஸ்க் மேனேஜர் சிபியு 40 சதவீதம் என்றது. இந்த எண் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. 12 திரெட்டுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி அது. கேமின் முக்கியமான ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தத்தில் அது 8 சதவீதம் சொச்சம்தான். அதற்கு மேல் விண்டோஸ் அந்தத் திரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் கோர் வாரியாகப் பார்த்தாலும் எதுவும் 100ஐத் தொடாது. இதற்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்ளாமல் கார்டின் பயன்பாட்டைப் பார்த்தால் போதும்: எஃப்பிஎஸ் லிமிட் எதுவும் வைக்காதபோது கார்டு 95க்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, 50, 60இல் நின்றால் சிபியு பக்கம் ஏதோ அதைக் காக்க வைக்கிறது. என் 1660 சூப்பரே பொச்சின்கியில் 58 சதவீதத்தில்தான் நின்றது.

இந்த இடைவேளையில் இணையத்தில் கிடைக்கும் ‘எஃப்பிஎஸ் பூஸ்ட்’ சமாச்சாரங்களையும் ஒரு கை பார்த்தேன். ரெஜிஸ்ட்ரி மாற்றம், கோர் பார்க்கிங், லாஞ்ச் ஆப்ஷன் பட்டியல்கள். ரீப்ளேயை ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றிரண்டு எஃப்பிஎஸ் ஏற்ற இறக்கத்துக்குள், அதாவது எதுவுமே செய்யாமல் திரும்ப ஓட்டினாலும் வரும் வித்தியாசத்துக்குள். பின்னணியில் விளையாட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்கும் விண்டோஸ் வசதியை அணைத்தது மட்டும் லேசாக உதவியது. விண்டோஸ் 11இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அம்சத்தை அணைத்தால் கேம்கள் கொஞ்சம் வேகமாகும் என்று மைக்ரோசாஃப்டே 2022இல் சொல்லியிருக்கிறது, அணைத்துப் பார்த்தேன், 3, 4 எஃப்பிஎஸ் கிடைத்தது. அதற்காகப் பாதுகாப்பை விட மனம் வரவில்லை, திரும்ப ஆன் செய்துவிட்டேன்.

சரி, சிபியு பக்கம் என்றால் சிபியுவா, அதற்குத் தீனி போடும் ராமா? சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்ததும் விடை அங்கேயே இருந்தது. இரண்டு குச்சி இருந்தும் சேனல் (ராமுக்கும் சிபியுவுக்கும் நடுவே தகவல் போகும் பாதை) என்ற இடத்தில் ஒற்றை என்று காட்டியது. வேகம் 1200 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் அனுப்பும் என்பதால் சிபியு-இசட் காட்டுவதை இரண்டால் பெருக்க வேண்டும், அதாவது 2400. முதல் குச்சியின் ஸ்டிக்கரில் 3200 என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்) எக்ஸ்எம்பியை (குச்சியிலேயே பதிந்திருக்கும் வேக புரொஃபைல்) ஆன் செய்யாத வரை அந்த 3200 ஸ்டிக்கரோடு சரி.

மூடியைக் கழற்றினால் காரணம் நேரே தெரிந்தது. நாலு ராம் ஸ்லாட் உள்ள மதர்போர்டு. சிபியு பக்கத்திலிருந்து எண்ணினால் ஏ1, ஏ2, பி1, பி2. முதல் குச்சி ஏ2இல், பின்னால் சேர்த்த குச்சி அதற்குப் பக்கத்தில் ஏ1இல். இரண்டும் ஒரே சேனல். சில போர்டுகளில் ஜோடி ஸ்லாட்டுகளுக்கு ஒரே நிறம் கொடுத்திருப்பார்கள், என்னுடையதில் நாலும் கருப்பு, ஸ்லாட் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் பெயர் அச்சாகியிருக்கிறது, டார்ச் அடித்துத்தான் படிக்க முடிந்தது.

பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ஏ1இல் இருந்ததை உருவி பி2இல் போட்டேன். இந்தப் போர்டில் மேல் பக்கம் மட்டும்தான் கிளிப் அசையும், கீழ்ப் பக்கம் நிலையானது. அதனால் மேலே ‘டக்’ என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டது என்று விட்டுவிடக்கூடாது, கீழ் முனை அரை மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கலாம். தங்க நிறப் பட்டை இரண்டு முனையிலும் ஒரே அளவு மறைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்தேன், சிபியு-இசட் இரட்டைச் சேனல் என்றது. ரீப்ளே: சராசரி 110, 1% லோ 64. வேறு எதையும் தொடவில்லை, ஒரு குச்சியை இடம் மாற்றியது மட்டும்தான்! இரவல் கார்டு கொடுக்காததை இது கொடுத்துவிட்டது.

அடுத்து எக்ஸ்எம்பி. முதல் குச்சியின் 3200 புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துச் சேமித்ததும் கருந்திரை, ஃபேன் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. ராம் வேகத்தை மாற்றினால் போர்டு இப்படி ஒத்திகை பார்க்கும், ஒரு நிமிடம் வரை பொறுக்கலாம், அவசரப்பட்டு பவரை வெட்ட வேண்டாம். என் போர்டு சில தடவை முயன்றுவிட்டுப் பழைய வேகத்துக்கே திரும்பியது. அப்படித் திரும்பாத போர்டு என்றால் பயாஸை ரீசெட் செய்யும் இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் சில விநாடி இணைக்க வேண்டும், அல்லது சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட வேண்டும்.

சிக்கல் இரண்டாவது குச்சியில். அதன் ஸ்டிக்கரிலும் 3200தான், ஆனால் டைமிங் (பதில் தர எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு) தளர்வானது. அதன் டைமிங்கைக் கையால் போட்டு, 1.35 வோல்ட் வைத்தால் 3200இல் விண்டோஸ் வரை வந்தது. வந்தது என்பதற்காக நம்பிவிடவில்லை, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவில் போட்டு ஓட்டினேன், முதல் சுற்று முடிவதற்குள் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். இந்த நிலையில் விளையாடினால் கேம் திடீரென்று மூடிக்கொள்ளும், நாம் கேமைத் திட்டுவோம். அதைவிட மோசம், சேமிக்கும் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். 3000க்கு இறக்கி, டைமிங் 16-18-18-38, அதே 1.35 வோல்ட். இலவசப் பதிப்பு ஓட்டும் 4 சுற்றும் பிழையில்லாமல் முடிந்தது, ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். நடுவில் 3066, 3133 என்ற படிகளும் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மறுபடி ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்ற அலுப்பில் விட்டுவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் 2400இல் ஒற்றைச் சேனல் விநாடிக்கு 19.2 ஜிபி, 3000இல் இரட்டைச் சேனல் 48 ஜிபி. ரைசன் 3000 வரிசையில் சிபியுவின் உள் இணைப்பும் ராம் வேகத்தோடு சேர்ந்தே ஏறும் என்பது கூடுதல் லாபம். ரீப்ளே: சராசரி 121, 1% லோ 76. நூறு பேரின் இடம், அசைவு, குண்டு என்று சிதறிக் கிடக்கும் தகவலை சிபியு ஓயாமல் அள்ள வேண்டிய கேம்களில் ராம் இவ்வளவு பேசுகிறது. அதிகப்படியாக கேஷ் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) வைத்துக் கட்டிய 5800எக்ஸ்3டி போன்ற சிபியுக்கள் இந்த வகை ஆட்டங்களில் பேர் வாங்கியதும் ராம் பக்கம் போக வேண்டிய தடவைகளைக் குறைத்ததால்தான்.

இங்கே ஒரு எதிர்பாராத விஷயம். ராம் வேகமானதும் சிபியு முன்புபோல் காத்திருப்பது குறைந்தது, வேலை கூடியது, வெப்பமும் கூடியது. முன்பு 87, 88 டிகிரியில் நின்றது இப்போது அரை மணி விளையாடினால் 95ஐத் தொட ஆரம்பித்தது. இந்தச் சிபியுவுக்கு 95தான் எல்லை, அங்கே போனால் தானாகக் கிளாக்கைக் குறைத்துக்கொள்ளும், எச்டபிள்யூஇன்ஃபோவில் 4.0 கிகாஹெர்ட்ஸ் 3.7க்கு இறங்குவது தெரிந்தது. ஆட்டத்தின் தொடக்கத்தில் நன்றாக இருந்து போகப் போக மந்தமாகிறது என்பவர்கள் முதலில் எச்டபிள்யூஇன்ஃபோவில் வெப்பம், கிளாக் வரிகளைப் பார்க்க வேண்டும்.

ஸ்டாக் கூலரைக் கழற்றுவது கொஞ்சம் கத்தி மேல் நடக்கிற வேலை. ஏஎம்4 சாக்கெட்டில் (இந்தச் சிபியு உட்காரும் இடம்) பின்கள் சிபியுவில் இருக்கின்றன, மொத்தம் 1331. பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரை நேராக இழுக்கும்போது சிபியுவும் அதோடு ஒட்டிக்கொண்டு, லீவர் மூடியிருக்கும்போதே, பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளைந்தால் அப்புறம் பூதக்கண்ணாடியும் ஊசியுமாக உட்கார வேண்டியதுதான். தவிர்க்க வழி இருக்கிறது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது பாரமான வேலை கொடுத்து சிபியுவைச் சூடாக்கி, ஷட்டவுன் செய்து, கேபிளைப் பிடுங்கி, பேஸ்ட் இளகியிருக்கும்போதே நாலு திருகையும் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருக வேண்டும். பிடி விட்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் மேலே தூக்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சின்னக் கூலரின் திருகுகள் போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் நேரே இறங்குகின்றன, கடைசித் திருகு வெளியே வந்ததும் அந்தத் தகடு பின்னால் கழன்று விழும். கேபினட்டின் பின்பக்க மூடியையும் திறந்து, தகட்டை டேப் போட்டு ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

பழைய பேஸ்ட் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. அதைவிட அதிர்ச்சி கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, ஃபேனுக்கு அடியில் பஞ்சுப் பாய் போட்டது போலத் தூசி. ஃபேன் வழியாகப் பார்த்தால் தெரியாது, ஃபேனைத் தனியாகக் கழற்றினால்தான் தெரியும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். ஊதுபவர்கள் ஃபேனைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் பளபளக்கும் வரை துடைத்து, நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகப் பேஸ்ட் வைத்து, திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன்.

அதே அரை மணி ஆட்டத்தில் இப்போது 78 டிகிரி, கிளாக் இறங்கவில்லை. ரீப்ளே: சராசரி 127, 1% லோ 86.

கடைசியாக ரிவாட்யூனரில் எஃப்பிஎஸ்ஸை 120க்குக் கட்டினேன். காலி இடத்தில் 160 பறந்து பொச்சின்கியில் 90க்கு விழுவதைவிட, 120இல் கட்டிவைத்து 95க்கு இறங்குவது கைக்கு நிம்மதி, வெப்பமும் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. கேம் செட்டிங்கில் டெக்ஸ்சர், ஆன்டி ஏலியாசிங் போன்ற கார்டு தூக்கும் விஷயங்களை மறுபடி ஏற்றிவிட்டேன், கார்டு சும்மாதானே இருந்தது. நிழல், பார்வைத் தூரம் இரண்டையும் மட்டும் குறைவாகவே விட்டிருக்கிறேன், அவை சிபியுவையும் சேர்த்து இழுப்பவை.

மறுபடி ஒரு கணினி கட்டினால் ராமை ஒரே பெட்டியில் வரும் ஜோடியாகத்தான் வாங்குவேன், தனித்தனிக் குச்சிகளை ஒத்துப்போக வைக்கப் போன ராத்திரிகள் போதும். கூலரை அப்போதே கொஞ்சம் பெரிதாகப் போடுவேன். இந்த வரிசையைத் தலைகீழாகவும் செய்வேன்: முதலில் சிபியு-இசட், வெப்பம், தூசி, கார்டைப் பற்றிய பேச்சு எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒன்று மட்டும் இன்னும் போகவில்லை. கார்டு டிரைவரை அப்டேட் செய்த பிறகு வரும் முதல் ஆட்டத்தில் புது இடம், புது வெடிப்பு வரும்போதெல்லாம் ஒரு குலுக்கல். ஷேடர்கள் (காட்சியை வரையக் கார்டு ஓட்டும் சிறு நிரல்கள்) மறுபடி தயாராவதால் வருவது அது, ராமாலும் பேஸ்ட்டாலும் தீராது. டிரைவர் மாற்றிய அன்று பயிற்சிக் களத்தில் பத்து நிமிடம் கண்டபடி சுட்டுவிட்டு, அப்புறம் ஆட்டத்துக்குள் போகிறேன்.